வரப்பை விட்டு ஒதுங்கியவள்

குளிர்காலம் எப்போது முடிகிறது என்று கேட்டால் ஊருக்கு ஊர் ஒரு பதில் இருக்கும். பனி உருகினால் முடிந்தது என்பார்கள், பறவை திரும்பினால் முடிந்தது என்பார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலையேறிகளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகிற அந்த நாளில், சூரியன் பூமத்திய ரேகையைத் தாண்டுகிற நிமிஷம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்குமே, அந்த நிமிஷத்தில் அவர்களுக்குக் குளிர்காலம் முடிகிறது. அதற்கு முன்னால் உச்சியைத் தொட்டால் அது குளிர்கால ஏற்றம். அதற்குப் பின்னால் தொட்டால், இடுப்பளவு பனியில் நீந்திப் போயிருந்தாலும் கணக்கில் சேராது. எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ! யாரும் யாரையும் சோதிப்பதில்லை. பரிசும் கிடையாது. பெரிய உச்சிகள் அத்தனையையும் குளிர்காலத்தில் தொட்டு முடித்தால் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு துணிச் சின்னம் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் பொய் சொல்லி அதை வாங்கினவன் என்று அந்த ஊரில் ஒருத்தன் பெயர் கூடக் கேள்விப்பட்டதில்லை.

நாலாயிரம் அடிக்கு மேலே என்று கணக்கெடுத்து வைத்த நாற்பத்தெட்டு உச்சிகளில் கொலெட்டுக்கு ஒன்றுதான் பாக்கி. பிக்கெட் மலை. குளிர்காலமோ மறுநாள் விடியுமுன் முடிகிறது.

கொலெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே அவள் குரல் கடைசி சீட்டுக்குக் கேட்கிற உயரத்தில் நின்றுபோயிருந்தது. இடது இடுப்பு தேய்ந்துவிட்டது, கோடையில் அறுத்து மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதன் பிறகு பனியில் மலை ஏறுவதெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே இந்தக் குளிர்காலம் போனால் போனதுதான்.

பக்கத்து வீட்டு கெய்ல் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். புருஷனைப் பற்றிக் கேட்டால் "துரத்திட்டேன்" என்பாள், "பூனையை வெச்சுக்கிட்டேன்" என்பாள். தன்னுடைய நாற்பத்தெட்டை அவள் எப்போதோ முடித்துவிட்டாள். அவளுக்கு இனி எந்த உச்சியும் பாக்கியில்லை. கொலெட்டுக்குத் துணையாக மட்டுமே வந்தாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொலெட்டால் இதை மறக்கவே முடியவில்லை.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு கெய்ல் குனிந்து கையுறையைக் கழற்றி, பனியில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் பொசுக்கென்று உள்ளே போயிற்று.

"ராத்திரி உறையவே இல்லடி. மத்தியானத்துக்கெல்லாம் கஞ்சியாயிடும்."

"மத்தியானத்துக்குள்ள இறங்கிடலாம்."

"உன் இடுப்பை வெச்சுக்கிட்டா? நத்தை நம்மளத் தாண்டிப் போய் டாட்டா காட்டும்."

"வர இஷ்டம் இல்லன்னா வண்டியிலயே உட்காரு. நான் போறேன்."

"ஆமா, நீ போவ, அப்புறம் உன்னைத் தேடி நான் வரணும். நட."

குளிர்காலம் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் அகலமான பனிமிதியடிகளைக் காலில் கட்டிக்கொண்டு ஒரே தடத்தில் மிதித்து மிதித்து, மலைப்பாதையில் பனி கல்லாக இறுகியிருக்கும். மார்ச்சில் வெயில் ஏறும்போது இரண்டு பக்கத்திலும் மிதிபடாத பனி உருகித் தாழ்ந்துவிடும், நடுவில் மிதிபட்ட தடம் மட்டும் வயல்வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். வரப்பின் மேல் நடக்கிறவரை ராஜா. காலை ஒரு சாண் தள்ளி வைத்தால் தொடை வரைக்கும் உள்ளே. அதிலும் மேலே போகப் போக ஊசிமரக் காடு. முழங்கால் உயரத்துக்குச் செடி மாதிரி ஒரு நுனி பனிக்கு மேலே தெரியும். செடி இல்லை அது, முழு மரம். கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்ள, கீழே அடிமரத்தைச் சுற்றிப் பொந்தாகக் கிடக்கும். அந்த நுனிக்குப் பக்கத்தில் கால் வைக்கக்கூடாது என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அன்றைக்கு வரப்பில் யாரோ மிதியடி இல்லாமல் வெறும் பூட்ஸோடு நடந்து குழி குழியாகப் போட்டிருந்தார்கள். கொலெட்டுக்கு ரத்தம் கொதித்தது.

"பாருடி! பாரு! மாடு மேய்ஞ்ச மாதிரி பண்ணி வெச்சிருக்கான். கால் ஒடியாதா ஒருத்தருக்கு? இவனைப் பிடிச்சேன்னா..."

"பிடிச்சு? பஸ்ஸ விட்டு இறக்கிவிடுவியா?"

"சிரிக்காதடி. வரப்பக் கெடுக்கறவன் மனுஷனே இல்ல."

"சரி சரி, மூச்ச ஏறுறதுக்கு மிச்சம் வை."

இடுப்பு வலி படுத்திய பாட்டில் அவர்கள் மெதுவாகத்தான் ஏறினார்கள். ஊசிமரங்கள் குட்டையாகி, உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தபோது வெயில் நேர் தலைக்கு மேல் இருந்தது. வரப்பு ஓரங்களில் இளக ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் மேலிருந்து கூச்சல் கேட்டது. நகரத்திலிருந்து வந்த ஏதோ சங்கத்துக்காரர்கள், ஏழெட்டுப் பேர், வரப்பில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வந்தார்கள். அது அங்கே வழக்கம்தான். ஏறுவதற்குப் பட்ட பாட்டுக்கு இறக்கத்தில் அப்படி ஒரு குதூகலம்.

ஏறுகிறவருக்குத்தான் இறங்குகிறவர் வழி விட வேண்டும். ஆனால் உட்கார்ந்து சறுக்கி வருகிறவனிடம் என்ன நியாயம் பேசுவது? ஒரு பக்கம் சரிவு. மறுபக்கம் சமமாக, வெள்ளையாக, நடுவில் ஒரு பச்சை நுனியோடு. கெய்ல் தயங்கினாள். நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் அவர்கள் காலை ஊன்றி நின்றிருப்பார்கள், ஒவ்வொருவராக எழுந்து, மன்னிப்புக் கேட்டு, பேசி, போவதற்குள் நேரமாகியிருக்கும். கொலெட்டுக்கு அந்த நேரம்கூடப் பொறுக்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"அந்தப் பக்கம் ஒதுங்குடி, சீக்கிரம்!" என்றாள்.

கெய்ல் ஒதுங்கினாள்.

வந்தவர்கள் "நன்றி, நன்றி" என்று கத்திக்கொண்டே வழுக்கிப் போனார்கள். கடைசியாகப் போனவன் கைத்தடியைத் தூக்கி ஆட்டினான். கொலெட் திரும்பிப் பார்த்தபோது கெய்லின் தலையும் தோளும் இரண்டு கைகளும் மட்டும் பனிக்கு மேலே இருந்தன.

இரண்டு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மலையேறுகிறவர்களில் மரக்குழியில் விழாதவர் யார்? விழுவதும் சிரிப்பதும் கை கொடுத்துத் தூக்கிவிடுவதும் எப்போதும் நடப்பதுதான்.

"என் பேரு என்ன, என் ஊரு என்ன, ஒண்ணும் கேக்காத. கைய கொடு" என்றாள் கெய்ல்.

கொலெட் வரப்பில் குப்புறப் படுத்துக் கையைக் கொடுத்து இழுத்தாள். கெய்ல் ஒரு சாண் கூட மேலே வரவில்லை. மறுபடி இழுத்தபோது கெய்ல் "ஐயோ" என்று கத்தினாள்.

"கால் மாட்டிக்கிச்சு. மிதியடி எதோ கிளைக்கு அடியில போய்க் கொக்கி மாதிரி மாட்டியிருக்கு. முட்டி திரும்புது. விடு, விடுடி!"

கொலெட் எழுந்து கீழே பார்த்துக் கத்தினாள். பின்சீட்டுக்குக் கேட்கிற குரல் அல்ல, அடுத்த மலைக்குக் கேட்கிற குரல். "ஏய்! நில்லுங்க! ஏய்ய்ய்!"

கீழே மரங்களுக்கு நடுவிலிருந்து அவர்கள் உற்சாகமாகத் திருப்பிக் கூவினார்கள். "ஓஹோஹோ!" அவள் மறுபடி கத்தினாள். அவர்கள் மறுபடி கூவினார்கள், முன்னைவிடத் தூரத்திலிருந்து. விசிலை எடுத்து ஊதினாள். அதற்கு ஒரு பதிலும் வரவில்லை. சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் அவ்வளவு தூரம் போய்விட்டார்கள்.

அவள் தன் பனிமிதியடி ஒன்றைக் கழற்றி மண்வெட்டி மாதிரிப் பிடித்துத் தோண்டினாள். மார்ச் மாதத்து அடிப்பனி சர்க்கரை மாதிரி இருக்கும். அள்ள அள்ளச் சரிந்து பழையபடி நிரம்பும். ஒரு கை அள்ளினால் இரண்டு கை விழுந்தது. தலைகீழாகத் தொங்கி, தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். கிளை தட்டுப்பட்டது, கெய்லின் முழங்கால் தட்டுப்பட்டது. மிதியடியின் வார் குதிகாலுக்குப் பின்னால், இன்னும் ஒரு முழம் கீழே. எட்டவே இல்லை. இன்னும் கொஞ்சம் சரிந்தபோது அவள் வயிற்றுக்கு அடியில் வரப்பு உடைந்து, அவளும் உள்ளே போகப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள் கெய்ல். "ரெண்டு பேரும் உள்ள போனா, நம்மள வந்து எடுக்க ஆளில்ல."

கொலெட் மறுபடி தோண்டினாள். மூர்க்கமாகத் தோண்டினாள். மிதியடியின் சட்டம் ஒரு கிளையில் பட்டு மளுக்கென்று முறிந்தது. முறிந்ததை அவள் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கொலெட்" என்றாள் கெய்ல். குரலில் கேலி இல்லை. "கீழ தண்ணி ஓடுது. பூட்ஸுக்குள்ள வந்துட்டு இருக்கு."

பனி உருகும் காலத்தில் பனிக்கு அடியில் ஓடை ஓடும். மேலே வெள்ளையாக ஒன்றும் தெரியாது. கொலெட் காதை வைத்துக் கேட்டாள். களகளவென்று சின்னச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும்தான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

போனில் சிக்னல் இல்லை. இனி யாரும் மேலே வரப்போவதும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் மார்ச் மாதப் பனியில் ஏறுவதற்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது ஊருக்கு?

"உச்சிக்குப் போ" என்றாள் கெய்ல். "அங்க சில நாள் சிக்னல் கிடைக்கும்."

கொலெட் நிமிர்ந்து உச்சியைப் பார்த்தாள். அதோ இருக்கிறது.

"உன்ன விட்டுட்டா?"

"நான் எங்கடி ஓடிப்போகப் போறேன்? போ. சிக்னலுக்கு சிக்னலும் ஆச்சு, மலைக்கு மலையும் ஆச்சு. தொட்டுட்டு வா."

கொலெட் தன் கனத்த மேலங்கியை அவளுக்குப் போர்த்திவிட்டு ஏறினாள். ஒரு காலில் மிதியடி, ஒரு காலில் வெறும் பூட்ஸ். நொண்டி நொண்டி, விழுந்து விழுந்து ஏறினாள். உச்சியில் கல் குவித்து வைத்திருக்கும் இடத்தில் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றினாள். சிக்னல் ஒரு கோடு வந்தது. அவசர உதவி எண்ணை அழுத்தினாள். எதிர்ப்பக்கம் "ஹலோ" என்று ஒரு குரல் கேட்டது, பாதியில் அறுந்தது. மறுபடி, மறுபடி. கோடு வரவே இல்லை.

எவ்வளவு நேரம் அங்கே நின்றாள்? அவளுக்கே தெரியாது. நிற்க நிற்க, இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று தோன்றியது. சிக்னலுக்காகத்தான் வந்தாள். சத்தியமாகச் சிக்னலுக்காகத்தான். ஆனால் திரும்பும்போது அவள் கை தானாகப் போய் அந்தக் கற்குவியலைத் தொட்டது. தொட்ட பிறகுதான் தொட்டதே தெரிந்தது. சீ என்று கையை எடுத்துக்கொண்டாள். தொட்டது தொட்டதுதானே.

கீழே வந்தபோது கெய்லின் உதடு வெளுத்திருந்தது. பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதா?"

"ஒரு நொடி கிடைச்சுது. அறுந்துடுச்சு."

"தொட்டியா?"

கொலெட் அவள் தோளில் நழுவியிருந்த மேலங்கியை இழுத்துவிட்டாள்.

"தொட்டியாடி?"

"தொட்டேன்."

"அப்ப முடிஞ்சுது! நாப்பத்தெட்டு!" கெய்ல் கையைத் தட்டப் பார்த்தாள், கைகள் சேரவில்லை. "என் பையில அடியில ஒரு டப்பா இருக்கு. எடு."

டப்பாவில் மேப்பிள் சர்க்கரைக் கேக் இருந்தது. வழியில் விழுந்து எழுந்ததில் ஒரு ஓரம் நசுங்கிப் போயிருந்தது. உச்சியில் வெட்டுவதற்காக முந்தின நாள் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், வாயே திறக்காமல்.

"அழாத. எனக்கு ஊட்டு. கை வேலை செய்யல" என்றாள் கெய்ல்.

கொலெட் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள். ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த சூடான டீயைக் குடிக்க வைத்தாள். பாதி தாடையில் வழிந்தது. கெய்ல் மெல்லவே மறந்து, பிறகு நினைவு வந்து மென்றாள். முடிவெட்டுகிறவள் கை எத்தனை நேர்த்தி, அந்த விரல்கள் இப்போது கட்டையாகக் கிடந்தன. கொலெட் அவற்றைத் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு வைத்துக்கொண்டாள். ஐஸ் கட்டியை வைத்த மாதிரி இருந்தது. அந்த விரல்கள் சூடாகவே இல்லை. தன் உடம்பில் இருக்கிற சூடு ஒரு மனுஷிக்குப் போதவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"நீ கீழ போகணும்" என்றாள் கெய்ல்.

"போக மாட்டேன்."

"போகணும்டி. இங்க உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்து என்ன ஆகப்போகுது?"

"என் தப்பு. அந்தப் பக்கம் ஒதுங்குன்னு நான்தான் சொன்னேன்."

"ஆமா, உன் தப்புதான்" என்றாள் கெய்ல். "வந்து எடுத்துட்டுப் போ, வீட்ல வெச்சு சண்டை போடுறேன். இப்ப போ. நடுங்குற வரைக்கும் நான் நல்லாத்தான் இருக்கேன்."

கொலெட் தன்னிடமிருந்த அத்தனையையும் அவள் மேல் போட்டாள். தொப்பி, கழுத்துத்துணி, இன்னொரு கையுறை, உடம்புச் சூட்டை வெளியே விடாத மெல்லிய தகடுப் போர்வை. ஊசிமரக் கிளைகளை ஒடித்து அவள் தோளைச் சுற்றிச் செருகினாள். விசிலை அவள் பல்லுக்கு நடுவில் வைத்தாள். கெய்ல் அதை ஒரு முறை ஊதிக் காட்டினாள். சத்தத்தைவிட எச்சில்தான் அதிகம் வந்தது.

இறக்கத்தைப் பற்றி என்ன சொல்ல? காலையில் ஆளைத் தாங்கிய வரப்பு இப்போது ஊறின அவல். மிதியடி முறிந்த கால் ஒவ்வொரு எட்டுக்கும் தொடை வரைக்கும் உள்ளே போயிற்று. இழுத்து எடுத்தால் மற்றக் கால் போயிற்று. கடைசியில் இன்னொரு மிதியடியையும் கழற்றி எறிந்துவிட்டாள். குழி போடுகிறவன் மனுஷனே இல்லை என்றவள், மலை முழுக்கக் குழி போட்டுக்கொண்டு இறங்கினாள். இடுப்பில் யாரோ கத்தியை விட்டுத் திருகுகிற மாதிரி இருந்தது. ஓட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது, கால் வர மாட்டேன் என்கிறது. ஒரு இடத்தில் அப்படியே உட்கார்ந்து, "ஏன் இப்படிப் பண்ற? ஏன்?" என்று பனியைப் பார்த்து ஓவென்று கத்தினாள். பனிக்கு என்ன தெரியும்.

ஓடையைத் தாண்டும் இடத்தில் போன் தானாகக் கிணுகிணுத்தது. அழைத்தாள். எதிர்ப்பக்கத்துப் பெண் நிதானமாகக் கேட்டாள், "நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் எங்க இருந்தா என்ன! அவ எங்க இருக்கான்னு கேளுங்க! உச்சிக்குக் கீழ, பிக்கெட் மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழ, மரக்குழியில, மார் வரைக்கும். தண்ணியில கால் இருக்கு!"

"எவ்வளவு நேரமா அம்மா?"

கொலெட் வாயைத் திறந்தாள். அந்த நேரத்துக்குள் உச்சிக்குப் போன நேரமும் இருந்தது. கல்லைத் தொட்ட நேரமும் இருந்தது.

"ரொம்ப நேரமா" என்றாள்.

மீட்புக் குழுவினர் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மறுபக்க மலைக்குப் போய்விட்டிருந்தது. எல்லாரும் ஊர்க்காரர்கள், அழைப்பு வந்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வருகிறவர்கள். முன்னால் வந்த நார்மன் திபோ குழாய் வேலை செய்கிறவன், தாடி நரைக்க ஆரம்பித்தவன். ஒரு காலத்தில் அவள் பேருந்தில் போனவன்தான்.

"கொலெட்டம்மா, நீங்க கீழ போங்க."

"எனக்குத்தான் இடம் தெரியும். நானும் வரேன்."

"நீங்க நிக்கவே முடியாம நிக்கிறீங்க. உங்களைத் தூக்க ரெண்டு பேர விட்டா, கெய்லம்மாவத் தூக்க ஆள் குறையும்." அவன் வரப்பைப் பார்த்தான். "இடத்துக்கு என்ன? உங்க குழி மேல வரைக்கும் போகுதே. அதப் பிடிச்சே போறோம்."

"முட்டி மாட்டியிருக்கு, இழுக்காதீங்க. வார் குதிகாலுக்குப் பின்னாடி. வெட்டணும். கேட்டியா நார்மன்? அவ கிட்ட பேசிக்கிட்டே இரு. அவளுக்குப் பேசினா பிடிக்கும்."

"பேசுறேன் கொலெட்டம்மா."

அவர்கள் போனார்கள். திடகாத்திரமான ஆட்கள், கயிறு, மண்வெட்டி, தூக்குப் படுக்கை எல்லாம் இருந்தது. ஆனாலும் அவர்களும் தொடை வரைக்கும் அமிழ்ந்து அமிழ்ந்துதான் ஏறினார்கள். இன்னும் வேகமாகப் போ, இன்னும் வேகமாகப் போ என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அவர்கள் மரங்களுக்குள் மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் துணையாக அவர்கள் விட்டுப்போன ஒரு பெண் அவள் கையைப் பிடித்து அடிவாரத்துக்கு அழைத்து வந்தாள்.

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. எஞ்சினை அணைக்காமல் உள்ளே சூட்டை முழுசாக வைத்திருந்தார்கள், கொண்டுவந்ததும் படுக்க வைக்கத் தயாராக. கம்பளிகளைச் சூட்டுக் காற்றுக்கு முன்னால் விரித்துப் போட்டிருந்தார்கள். கொலெட்டை ஒரு ஓரத்தில் உட்கார வைத்து, ஈரக் காலுறையை உருவி, கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். அவள் அதைக் குடிக்கவில்லை. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. செவிலி அவளிடம் சின்னச் சின்னதாக ஏதோ கேட்டாள். கெய்லுக்கு என்ன வயது, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா, வீட்டில் யார். பூனை என்றாள் கொலெட். பூனைக்கு யாராவது சாப்பாடு போடணும் என்றாள்.

டிரைவர் வெளியே நின்றிருந்தார், வானொலிக் கருவியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. வயதான மனுஷன். கரகரவென்று மேலிருந்து ஒரு குரல் பேசியது. நார்மன் குரல் மாதிரி இருந்தது, வார்த்தை புரியவில்லை. டிரைவர் கேட்டார். திருப்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு முன்பக்கம் வந்து, கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தினார்.

எல்லாச் சத்தமும் அடங்கியது. சூட்டுக் காற்று நின்றது. செவிலி கம்பளியை மடிக்கப் போனவள் பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

கொலெட்டுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றாள்.

டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

"போடுங்க. உள்ள குளிர்ந்துடும். அவ நனைஞ்சு வருவா."

"அம்மா..."

"போடுங்கன்னு சொல்றேன்ல! நாள் பூரா குளிர்ல இருந்திருக்கா. வந்து இங்கயும் குளிர்லயா படுப்பா? போடுங்க!"

அந்தக் குரலுக்கு ஊரில் யார்தான் பணியாமல் இருந்திருக்கிறார்கள். டிரைவர் செவிலியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

காற்று முதலில் சில்லென்று வந்தது. கொலெட் எழுந்து, நொண்டிக்கொண்டு போய், கம்பளிகளை ஒவ்வொன்றாக மறுபடி விரித்துப் போட்டாள். பிறகு காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, சூடு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.